மச்சாளின்ர கப்பலும் என்ர வாளியும்

அந்தப் படத்தை என்ர மகன்தான் போனில காட்டினவன். ஒரு கப்பல். கப்பல் எண்டு சும்மா சொல்லேலாது. மன்னார்க் கச்சேரிக் கட்டிடத்தை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிக் கடலில மிதக்க விட்ட மாதிரி. அதின்ர மேல் தட்டில, கறுப்புக் கண்ணாடி போட்டு, சுளகு மாதிரித் தொப்பி போட்டு, ஒரு பக்கம் என்ர பேரன், மடியில என்ர பேத்தி, நடுவில ஆர் இருக்கிறா? என்ர மகளின்ர மாமியார். பிள்ளையளின்ர அப்பம்மா.

"எப்பிடியம்மா இருக்கு?" எண்டான் மகன்.

"வடிவா இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டன். அண்டைக்குக் கறிக்கு உப்பு ரெண்டு தரம் விழுந்திட்டுது. வீட்டில எல்லாரும் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுச் சாப்பிட்டு எழும்பினவை.

பொறாமைதான். அதுக்கு வேற என்ன பேர்? பாவசங்கீர்த்தனத்திலயும் சொன்னன். சுவாமி, "கப்பலில பொறாமையோ, அந்த மனிசியில பொறாமையோ?" எண்டு கேட்டவர். "ரெண்டிலயும் சுவாமி" எண்டன். மனிசனுக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போட்டுது.

மகள் கனடாவில. கலியாணம் முடிச்சது யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆக்களை. நல்ல மனிசர், குறை சொல்லமாட்டன். ஆனா மருமகனின்ர தாய் அவையளோட ஒரே வீட்டில இருக்கிறா. நான் இஞ்ச மன்னார்ப் பள்ளிமுனையில இருக்கிறன். பேரன் பிறந்து ஒருக்கா வந்திட்டுப் போனவன். பேத்தியை நான் கையால தொட்டதே இல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, மகன் போனைத் தண்ணிக் குடத்தில சாத்தி வைப்பான். அதுக்குள்ள பிள்ளை வந்து கையைக் காட்டும். நானும் காட்டுவன். பிறகு, "அப்பம்மா!" எண்டு கத்திக்கொண்டு அங்கால ஓடிப்போகும். எனக்கு வெறும் சுவர்தான் மிச்சம்.

கப்பல் எண்டு சொல்ல, நானும் கப்பல் பாக்காதவள் இல்ல. சின்னனில எங்கட அப்பு என்னைத் தோளில வைச்சுக்கொண்டு போய்த் தலைமன்னார்ப் பியர்த் துறையில காட்டினவர். இந்தியாவுக்குப் போற கப்பல். ஏறேல்ல, பாத்ததோட சரி. பிறகு சண்டை நேரம் அந்தக் கடலைக் கடந்தனாங்கள்தான். வள்ளத்தில. இந்த மகள் அப்ப கைப்பிள்ளை. என்ர மடி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு வந்தவள். நடுக்கடலில ஒரு மணல் திட்டியில எங்களை இறக்கிவிட்டிட்டு வள்ளக்காரன் போயிட்டான். சீலைத் தலைப்பால பிள்ளையை மூடிக்கொண்டு குந்தி இருந்தன், மற்றப் பக்கத்தால ஆரும் வந்து ஏத்துவினம் எண்டு. அண்டைக்கு ஆர் படம் எடுத்தது? ஆர் தொப்பி தந்தது?

அதை விடுங்கோ. இந்தியாவில அகதி முகாமில இருந்துபோட்டுத் திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலில கிடந்து, வீட்டுத்திட்டத்தில வீடும் கிடைச்சிட்டுது. ரெண்டு அறை, ஒரு விறாந்தை. கிணறு பழைய கிணறு. தண்ணி கொஞ்சம் சவர், குடிக்க ஏலாது, குளிக்கலாம். மகள் குடும்பமா வாறாள் எண்ட உடன நான் முன் அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பிச்சன். புதுக் கட்டில். புது நுளம்பு வலை. வெளிநாட்டுப் பிள்ளையளுக்குக் குந்தி இருக்க வராது எண்டு கக்கூசில கொமேட்டும் பூட்டுவிச்சன். பக்கத்து வீட்டுக்காரி வந்து அதைச் சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு, "அக்கா, இதில இருந்து செபமாலையே சொல்லலாம் போல கிடக்கு" எண்டாள். அவளுக்கும் பொறாமை. எனக்குச் சந்தோசம்.

வெளிக்கிடுறதுக்கு முன்னம் மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, நாங்கள் ஹோட்டலில நிக்கப் போறம்."

"எந்த ஊரில?"

"மன்னாரிலதான். தலைமன்னார் றோட்டில புதுசாக் கட்டியிருக்கு. பிள்ளையளுக்கு நீந்துற இடமும் இருக்காம்."

"வீடு இருக்க என்னத்துக்கடி ஹோட்டல்?"

"பிள்ளையளுக்கு ஏசி இல்லாமல் நித்திரை வராதம்மா. ரெண்டு நாள் ஹொலிடே மாதிரி நிண்டிட்டு, பிறகு கொழும்புக்குப் போறம். வீட்டுக்குப் பகலில வந்து போவம்."

"தாய் வீட்டுக்கு வாறது ஹொலிடே இல்லையோ?"

மகள் அங்கால மருமகனோட என்னவோ குசுகுசுத்தாள். பிறகு, "நீங்களும் வாங்கோவன். உங்களுக்கும் மாமிக்கும் ஒரு அறை எடுக்கிறம். சின்னவ உங்கள் ரெண்டு பேரோடயும் படுப்பா" எண்டாள்.

சின்னவ என்னோட படுப்பா! அதுக்குப் பிறகு அவள் சொன்ன ஒண்டும் என்ர காதில ஏறேல்ல. ஒரு இரவு அந்தப் பிள்ளையின்ர தலை என்ர கையில கிடந்தாக் காணும். அதுக்கு ஹோட்டல் என்ன, நேவிக் காம்பில போய்ப் படு எண்டாலும் படுத்திருப்பன்.

நான் எங்க படுக்கப் போறதெண்டாலும் வெறுங்கையோட போறேல்ல. ஓடித் திரிஞ்ச காலத்துப் பழக்கம். பாய், தலகாணி, சவுக்காரம், வாளி. வாளி முக்கியம். முகாமில வாளி இல்லாதவள் பட்ட பாடு எனக்குத் தெரியும், எல்லாற்ற கையையும் பாத்துக்கொண்டு நிக்கோணும். அதோட ஒரு சட்டியில இறால் பிரட்டல். எல்லாத்தையும் மகனின்ர ஓட்டோவில ஏத்திக்கொண்டு போய் அந்த ஹோட்டல் வாசலில இறங்கினன். கண்ணாடிக் கதவு. உள்ளுக்குக் கண்டி மாதிரிக் குளிர். மேசைக்குப் பின்னால நிண்ட பெட்டை என்ர வாளியைப் பாத்தாள், என்னைப் பாத்தாள், திரும்ப வாளியைப் பாத்தாள்.

"அம்மா சாமான் விக்க வந்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, படுக்க வந்தனான்" எண்டன்.

அதுக்குள்ள மகள் ஓடி வந்து கட்டிப்பிடிச்சாள். ரெண்டு பேரும் அழுதம். பேரன் நல்லா வளந்திட்டான், வந்து கொஞ்சினான். மருமகன், "சுகமா இருக்கிறீங்களோ மாமி" எண்டு வாளியைக் கையில வாங்கினார். பேத்தி வரேல்ல. அப்பம்மாவின்ர சட்டைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு ஒற்றைக் கண்ணால பாத்துது.

"ஆரது சொல்லுங்கோ பாப்பம்?" எண்டு மகள் கேட்டாள்.

"போன் அம்மம்மா" எண்டுது பிள்ளை. பிறகு தாயின்ர காதுக்குள்ள, எல்லாருக்கும் கேக்கத்தக்கதா, "உவ ஏன் இவ்வளவு பெரிசா இருக்கிறா?"

எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சன். பாவம், அது என்னை உள்ளங்கை அளவில எல்லோ கண்டது. ஆனா பாருங்கோ, கொஞ்ச நேரத்தால வாசலில ஒரு கழுதை வந்து நிண்டுது. மன்னாரில கழுதைக்கு என்ன பஞ்சம். பிள்ளை கூ எண்டு கத்திக்கொண்டு ஓடிப்போய் அதின்ர முதுகைத் தடவித் தடவிக் கொஞ்சுது. நான் கையை நீட்டிக்கொண்டு இஞ்ச நிக்கிறன். கழுதைக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கேல்ல. அந்தக் கழுதையிலயும் எனக்குப் பொறாமை வந்திட்டுது, வேற என்ன சொல்ல.

மருமகனின்ர தாயும் நானும் ஒருத்தரை ஒருத்தர் மச்சாள் எண்டுதான் கூப்பிடுறது. அவ என்ர பாயைப் பாத்திட்டு, "இதென்ன மச்சாள், இடம்பெயர்ந்து வந்த மாதிரி வந்திருக்கிறீங்கள்?" எண்டா.

"பழக்க தோசம் மச்சாள். உங்களுக்குத் தொப்பி மாதிரி எனக்குப் பாய்" எண்டன்.

முதல் இரவு பிள்ளை நடுவில. ஆனா முகம் அப்பம்மாவின்ர பக்கம். எனக்குத் தந்தது முதுகு. அந்த மெத்தையோ, படுத்தா ஆள் தாழுது, வள்ளத்தில கிடக்கிற மாதிரி. கடைசியில நான் பாயை விரிச்சு நிலத்தில படுத்திட்டன். அவ மேல, என்ர பேத்தியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு. இன்னும் ஒரு இரவுதான் மிச்சம்.

விடியச் சாப்பாடு பெரிய மண்டபத்தில. வேண்டியதை வேண்டியமட்டும் அள்ளலாம். என்ர இறால் பிரட்டலை உள்ளுக்குக் கொண்டுபோக விடேல்ல, வெளிச் சாப்பாடு கூடாதாம். நான் பாணை வைச்சுக்கொண்டு இருக்கிறன், மச்சாள் கப்பல் கதை தொடங்கினா. அவவுக்கு எதைக் கண்டாலும் கப்பல்தான்.

"கப்பலில எண்டா மச்சாள், முட்டைக்கெண்டே தனிய ஒரு ஆள் நிப்பான்."

"என்னத்துக்கு, இடவோ?"

மருமகன் குடிச்ச தேத்தண்ணியைத் துப்பிப்போட்டார். மகள் மேசைக்குக் கீழால என்ர காலை மிதிச்சாள். மச்சாள் ஒண்டும் நடக்காத மாதிரிப் பிள்ளைக்குப் பாணில பட்டர் பூசினா. பிள்ளை அவவின்ர கையால மட்டும்தான் வாய் திறந்துது. நான் ஒரு துண்டு நீட்ட, "நோ தாங்க்யூ" எண்டுது. மரியாதைக்குக் குறைவில்லை. மரியாதை ஆருக்கு வேணும்?

சாப்பிட்டுப்போட்டு எல்லாரும் கடலுக்குப் போனவை. நான் கரையில நிழலில இருந்தன். எங்களுக்குக் கடல் வேலை செய்யிற இடம், அதுக்குள்ள நிண்டு சிரிக்கிறது எப்பிடியெண்டு தெரியாது. கொஞ்ச நேரத்தால பிள்ளையள் உப்பும் மண்ணுமா வந்து நிண்டுதுகள். பேத்தி கழுத்தைச் சொறியுது. கடலால வந்த பிள்ளையை உடன நல்ல தண்ணி வார்க்காட்டி மேல் எல்லாம் கடிக்கும். இது எங்கட பக்கம் எந்தத் தாய்க்கும் தெரியும். சுத்திப் பாத்தன். ஹோட்டலின்ர முற்றத்தில, நீலக் கல் பதிச்சு, ஒரு பெரிய தொட்டி. முட்ட முட்டத் தண்ணி. எவ்வளவு நல்ல மனிசர், கடலால வாறவை குளிக்கட்டும் எண்டு கட்டி வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன். எங்கட கிணத்தடியிலயும் உப்பிடித்தானே தொட்டி, கொஞ்சம் சின்னன். பக்கத்தில பலகையில என்னவோ எழுதி இருந்ததாம். எழுதினா எனக்கென்ன.

மேல போய் வாளியையும் சவுக்காரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தன். தொட்டி விளிம்பில பேத்தியை இருத்தி, ஒரு வாளி தலையில ஊத்தினன். பிள்ளைக்கு மூச்சு நிண்டு வந்துது. நான் பயந்திட்டன், அழப்போகுது எண்டு. கண்ணைத் துடைச்சுப்போட்டு என்னை நிமிந்து பாத்துது.

"இன்னொருக்கா!"

என்ர மாதாவே! அந்தச் சொல்லு. தலைக்குச் சவுக்காரம் போட்டு, காதுக்குப் பின்னால தேய்ச்சு, முதுகு உரஞ்சி, வாளி வாளியா ஊத்தினன். பிள்ளை கீச்சுக் கீச்செண்டு சிரிக்குது. பேரனும் வந்து குந்தினான். அவனுக்குப் பின்னால ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, அதுவும் தலையைக் குனிஞ்சு தந்துது. அதுக்கும் போட்டுவிட்டன் சவுக்காரம், பிள்ளை எண்டா பிள்ளைதானே. நுரை எல்லாம் வழிஞ்சு அந்த நீலத் தண்ணியில வெள்ளையாப் பரவுது. தண்ணிக்குள்ள நிண்டவை ஒவ்வொருத்தரா ஏறினவை. நான் நினைச்சன், எனக்கு இடம் விடினம் எண்டு.

மனேச்சர் ஓடி வந்தார், தெற்குப் பக்கத்து மனிசன். "அம்மே, சோப் எபா! எபா!" எண்டார். எபா எண்டா வேண்டாம் எண்டு எனக்குத் தெரியும். செக்பொயின்டில நிண்டு நிண்டு படிச்ச சிங்களம்.

"எபா இல்ல மாத்தையா, கொஞ்சம் பொறுங்கோ" எண்டன். ஏனெண்டா கடைசி வாளி இன்னும் மிச்சம். கடைசித் தண்ணியில ஒரு கை அள்ளி, பிள்ளையைச் சுத்தித் திருஷ்டி கழிச்சு அங்கால எறியோணும். அது செய்யாமல் குளிப்பாட்டினா குளிப்பாட்டினதா? சுத்தி எறிஞ்சன். அது மனேச்சரின்ர சப்பாத்தில போய் விழுந்திட்டுது.

மகளின்ர முகம் நண்டு அவிச்ச மாதிரிச் சிவந்து போச்சு. "அம்மா, எல்லாரும் பாக்கினம். இது குளிக்கிற தொட்டி இல்ல, நீந்துற இடம்."

"நீந்துறதுக்கு அவ்வளவு பெரிய கடல் கிடக்கு. பிறகென்னத்துக்கு?"

மனேச்சர், இண்டைக்கு முழுக்க அதை மூடித் தண்ணி மாத்தோணும் எண்டு மருமகனிட்டச் சொன்னார். மச்சாள் நிழலில கதிரையில இருந்துகொண்டு, "கப்பலில எண்டா உடன தண்டம் போட்டிருப்பாங்கள்" எண்டா. எனக்கு வெக்கம் பிடுங்கித் திண்டுது. வாளியைக் கவிட்டு வைச்சுப்போட்டு மேல போய்ப் பாயில இருந்திட்டன்.

பின்னேரம் வரையும் பேத்தி விடேல்ல. "வாளிக் குளிப்பு வேணும்." அறைக்குள்ள ஷவரில விட்டுப் பாத்தினம், கத்திக் குளறி எழும்பி ஓடிவந்திட்டுது. "போன் அம்மம்மா ஊத்தோணும்." நான் மெதுவா மகளைப் பாத்து, "வீட்டில கிணறு இருக்கு. ஒருத்தரும் எபா எண்டு வரமாட்டினம்" எண்டன். மருமகன் சிரிச்சுப்போட்டு வாடகைக்கு எடுத்த வானின்ர திறப்பைக் கையில எடுத்தார். மச்சாள் உடன எழும்பினா. "நானும் வாறன். நானில்லாமல் சின்னவ சாப்பிடமாட்டா."

கிணத்தடியில நான் ராணி. கப்பியில கயிறு ஓடுற சத்தத்துக்கே பிள்ளை துள்ளிச்சுது. ஊத்தினன், ஊத்தினன், கை உளையும்வரை ஊத்தினன். பிறகு துவாயால சுத்தி மகளிட்டக் குடுத்திட்டுத் திரும்ப, மச்சாள் கிணத்துக்கட்டில கையை வைச்சுக்கொண்டு நிக்கிறா.

"மச்சாள், எனக்கும் ஒரு ரெண்டு வாளி ஊத்துவீங்களோ?"

முதல் எனக்கு விளங்கேல்ல. "கனகாலம்" எண்டா. "கிணத்துத் தண்ணி மேலில பட்டுக் கனகாலம்."

என்ர பாவாடையைக் குடுத்தன், குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு வந்து குந்தினா. நான் ஊத்த ஊத்த, ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு கதைக்கத் தொடங்கினா.

"அந்தக் கப்பல் படம் பாத்தனீங்கள்தானே?"

"ஓம், பாத்தனான்." எப்பிடி மறப்பன்.

"அண்டைக்கு மட்டும்தான் மச்சாள் நான் எழும்பி மேல் தட்டுக்குப் போனது. மற்ற நாளெல்லாம் சத்தி. யன்னல் இல்லாத அறை. அவை ரெண்டு பேரும் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் போவினம், நான் அதுக்குள்ள பிள்ளையளோட. வயது போனதுகளை ஏன் கூட்டிக்கொண்டு போறது? பிள்ளை பாக்கத்தான்."

பாவமாத்தான் இருந்துது. முதுகைத் தேய்ச்சு விட்டன், நல்லா அழுத்தித் தேய்ச்சு விட்டன். ஆனா உள்ளதைச் சொல்லோணும், எனக்குப் பொறாமை போகேல்ல. பிள்ளை பாக்கத்தானே நானும் ஏங்கினனான்! யன்னல் இல்லாட்டி என்ன, கதவே இல்லாட்டி என்ன, கப்பல் முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு நான் போயிருப்பனே. அதை அவவுக்குச் சொல்லேல்ல. இன்னொரு வாளி ஊத்தினன்.

மேல் துடைச்சுப் பவுடர் போட்டுச் சோறு குடுக்க, பேத்தி என்ர இறால் பிரட்டலை நக்கிப் பாத்துது. "உறைக்குது" எண்டுது. பிறகும் வாயைத் திறந்துது. தின்னத் தின்னவே கண் சொக்கிப் பாயில விழுந்திட்டுது. புதுக் கட்டிலில இல்ல, விறாந்தையில, பாயில. ஏசியும் இல்ல, ஒண்டும் இல்ல. மருமகன் தூக்க வந்தார், அறை எடுத்தாச்சு எண்டு. நான் குனிஞ்சு சாப்பாட்டுக் கோப்பையளைப் பொறுக்கினன். வாய் திறந்தா அழுதிடுவன்.

"எழுப்பாதை தம்பி" எண்டது மச்சாள்தான். "படுக்கட்டும். நானும் இஞ்ச நிக்கிறன்."

முதல் பாதிக்குச் சந்தோசம். பிந்தின பாதிக்கு என்ன சொல்ல? நிண்டுதான் தீருவன் எண்டு நிண்டா. பிள்ளைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்.

விடியக் கோயில் மணி அடிக்க நான் எழும்பி அடுப்பு மூட்டினன். தண்ணி கொதிக்க முன்னம் விறாந்தையில ஒரு குரல்.

"அப்பம்மா!"

ஒரு இரவு முழுக்க என்ர வீட்டில, என்ர பாயில கிடந்தும் கண் முழிச்ச உடன வந்த பேர் அது.

"ஓம் குஞ்சு" எண்டு சொல்லிக்கொண்டு ஓடிப்போனன். பிள்ளை என்னைப் பாத்துது. திரும்பி மச்சாளைப் பாத்துது. பிறகு ரெண்டு கையையும் என்னட்ட நீட்டிச்சுது. தூக்கினன். தலையைக் கொண்டுவந்து என்ர தோளில வைச்சுது, பவுடர் மணமும் நித்திரை மணமுமா.

பக்கத்தில மச்சாள் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தா. நான் எழுப்பேல்ல.